பல்பு ஹோல்டரில் உட்கார்ந்துவிடுகிறது, ஸ்விட்ச் பேச்சைத்தான் கேட்கமாட்டேன் என்கிறது

பெரம்பூரோ மாதவரமோ திருவொற்றியூரோ, வட சென்னையில் இப்போது எழும்புகிற ஃப்ளாட்டுகளின் நோட்டீஸைப் பார்த்தால் ‘கவர்டு கார் பார்க்கிங்’ என்பதற்குப் பக்கத்திலேயே ‘ஸ்மார்ட் ஹோம்’ என்றும் ஒரு வரி இருக்கும். விற்கிறவரிடம் கேட்டால் “ஓப்பன் சிஸ்டம் சார், எந்த ஆப்லயும் ஓடும்” என்பார். இந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன: ஆப்பில் இயங்குவது, வைஃபையில் இணைவது, ஓப்பன் சோர்ஸ், ஓப்பன் ஸ்டாண்டர்ட். வாங்குகிறவருக்கு வேண்டியது கடைசியில் சொன்னது. அவர் கைக்கு வருவது பெரும்பாலும் முதலில் சொன்னது. இவற்றைப் பிரித்துப் பார்க்கலாம். எலக்ட்ரானிக்ஸ் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், வீட்டில் ஒரு பல்பு மாற்றியிருந்தால் போதும்.

பல்பின் கழுத்தும் தலையும்

பாரிமுனையில் ஏதாவது ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் எல்இடி பல்பு கேளுங்கள். எத்தனை வாட், வெள்ளையா மஞ்சளா என்று கேட்பார்கள். உங்கள் வீட்டு ஹோல்டர் என்ன கம்பெனி என்று யாரும் கேட்கமாட்டார்கள். பல்பின் அடியில் இருக்கும் உலோகக் கழுத்து 22 மில்லிமீட்டர் அகலம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு பின், அழுத்தித் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். இதற்கு பி22 என்று பெயர். அந்த அளவுகளை எழுதிவைத்த ஆவணம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து அம்பத்தூரில் ஒருவர் ஹோல்டர் செய்யலாம், சீனாவில் ஒருவர் பல்பு செய்யலாம், இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கக்கூட வேண்டாம்.

இப்போது ஒரு கம்பெனியின் ஸ்மார்ட் பல்பும் இன்னொரு கம்பெனியின் ஸ்மார்ட் ஸ்விட்சும் வாங்கி வருகிறீர்கள். பல்பு ஹோல்டரில் ஜம்மென்று உட்காரும், எரியும். ஆனால் அந்த ஸ்விட்சை அழுத்தி இந்தப் பல்பின் வெளிச்சத்தைக் குறைக்க முடியாது. கழுத்து எல்லாருக்கும் பொது, தலைக்குள் இருக்கும் சிப் ஒரே ஒரு கம்பெனியின் பேச்சை மட்டும் கேட்கும்.

ஓப்பன் ஸ்டாண்டர்ட் என்பது அந்தத் தலைக்குள் இருக்கும் பேச்சுக்கும் பி22 மாதிரி ஒரு பொது ஏற்பாடு செய்வது. ஒன்றை ஓப்பன் என்று ஒத்துக்கொள்ள நான் மூன்று விஷயங்களைப் பார்ப்பேன். விதிகள் எழுத்தில் இருந்து, யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும். அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் பொருள் செய்யலாம் என்று இருக்க வேண்டும். அந்த விதிகளை மாற்றும் அதிகாரம் ஒரே கம்பெனியிடம் இருக்கக் கூடாது. இலவசமா என்பது இந்த மூன்றில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆவணத்துக்குக் காசு இருக்கலாம், முத்திரை வாங்கக் கட்டணம் இருக்கலாம், அப்போதும் அது ஓப்பன்தான்.

வைஃபை இருந்தால் போதாதா?

போதாது. நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வைஃபை ஒரு பாதை, அவ்வளவுதான். ஒரே ரூட்டரில் இணைந்திருக்கும் பல்பும் ஏசியும் ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் வருடக்கணக்கில் இருக்கலாம். அதற்குமேல் இரண்டு விஷயம் ஒத்துப்போக வேண்டும்: செய்தியை எந்த வடிவத்தில் அனுப்புவது, அந்தச் செய்தியில் இருப்பதற்கு என்ன அர்த்தம். செய்தி வடிவத்தின் விதிகளைத்தான் புரோட்டோகால் என்கிறார்கள். அர்த்தத்தின் விதிகளுக்கு டேட்டா மாடல் என்று பெயர்.

இந்த வித்தியாசம் புரிய மோட்பஸ்தான் நல்ல உதாரணம். 1979இல் மோடிகான் என்ற கம்பெனி ஆலை இயந்திரங்களுக்காக உருவாக்கியது, இன்றும் சாகவில்லை. ஜெனரேட்டர் கன்ட்ரோலர், எனர்ஜி மீட்டர், மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் என்று எதைத் திறந்தாலும் ஓரத்தில் ஏ, பி என்று இரண்டு டெர்மினல் இருந்தால், அது அநேகமாக ஆர்எஸ்-485 என்ற வயரிங், அதில் ஓடுவது அநேகமாக மோட்பஸ்.

ஒரு அபார்ட்மெண்டின் சம்ப்பில் நீர்மட்டம் பார்க்கும் சென்சார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரை ஓட்டும் கன்ட்ரோலர் அதனிடம் கேட்பது இவ்வளவுதான்: 1, 3, 0, 1. அதாவது, 1ஆம் எண் கருவியே, 3ஆம் வகை வேலையைச் செய், உன்னிடம் இருக்கும் எண்களைப் படித்துச் சொல், 0ஆம் கட்டத்தில் தொடங்கி, 1 கட்டம். இந்தக் கட்டங்களுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர், ஒவ்வொன்றிலும் 0 முதல் 65535 வரை ஒரு எண் நிற்கலாம். சென்சார் பதில் அனுப்புகிறது: 230.

சரி, 230 என்றால் என்ன? 230 சென்டிமீட்டர் தண்ணீரா? 23.0 சதவீதமா? சென்சாருக்கு வரும் 230 வோல்ட்டா? மோட்பஸ் அதைச் சொல்லவே சொல்லாது. கருவியோடு வரும் புத்தகத்தில் ரெஜிஸ்டர் மேப் என்று ஒரு அட்டவணை இருக்கும், எந்தக் கட்டத்தில் எது, எதால் வகுக்க வேண்டும் என்று. அந்தத் தாள் தொலைந்தால் கருவி எண்ணைச் சொல்லிக்கொண்டே இருக்கும், நமக்கு ஒன்றும் புரியாது. மோட்பஸ் முழுக்க ஓப்பன், யாரும் பயன்படுத்தலாம். ஆனால் அது எண்ணைக் கொண்டுவந்து சேர்ப்பதோடு நின்றுவிடுகிறது, எண்ணுக்குப் பொருள் சொல்லும் வேலையை நம் தலையில் கட்டிவிடுகிறது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்: பாதை, செய்தி, அர்த்தம் என்று மூன்று அடுக்கு. மூன்றும் பொதுவாக இருந்தால்தான் வேறு வேறு கம்பெனிப் பொருள்கள் வாங்கி வந்த அன்றே சேர்ந்து வேலை செய்யும். ‘ஓப்பன்’ என்று யாராவது சொன்னால் எந்த அடுக்கில் என்று கேட்க வேண்டும்.

பெரிய கட்டடங்கள் இதை முன்பே யோசித்துவிட்டன

வீடுகளுக்கு இது புதுக் கவலை. ஆஸ்பத்திரி, மால், ஐடி கட்டடம் மாதிரியான இடங்களில் பழைய கவலை. ஏசி ஒரு கம்பெனி, லிஃப்ட் ஒரு கம்பெனி, தீயணைப்பு அலாரம் இன்னொரு கம்பெனி. கட்டி முடித்த பிறகு ஒன்றை மாற்ற வேண்டும் என்றாலும் பழைய கம்பெனிக்காரர் சொன்னதுதான் விலை. இதை உடைக்கத்தான் அமெரிக்காவில் ஏசி பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரே 1987இல் வேலை தொடங்கி 1995இல் பேக்நெட் என்ற ஸ்டாண்டர்டை வெளியிட்டது. 2003இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது.

பேக்நெட்டில் 230 என்று மொட்டையாக ஒரு எண் வராது. ஒவ்வொரு சென்சாரும் ஒரு ‘ஆப்ஜெக்ட்’. அதற்குப் பெயர் இருக்கும், இப்போதைய மதிப்பு இருக்கும், அந்த மதிப்பு டிகிரியா வோல்ட்டா என்கிற அலகும் கூடவே இருக்கும். புதிதாக ஒரு கம்ப்யூட்டரைக் கட்டடத்தின் நெட்வொர்க்கில் சேர்த்தால் அது முதலில் “யார் யாரெல்லாம் இருக்கீங்க?” என்று பொதுவாக ஒரு குரல் கொடுக்கும், ஒவ்வொரு கருவியும் “நான் இருக்கேன்” என்று தன் எண்ணைச் சொல்லும். கதைக்காகச் சொல்லவில்லை, அந்தச் செய்திகளின் பெயரே அப்படித்தான்: ‘ஹூ-இஸ்’, ‘ஐ-ஆம்’.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது 16 படிகள். ஒரு கல்யாண மண்டபத்தின் ஏசி ஃபேனை எடுத்துக்கொள்ளுங்கள். நேர அட்டவணை “பத்து மணிக்கு நிறுத்து” என்கிறது, மேனேஜர் “ஓடட்டும், பந்தி முடியல” என்கிறார், தீ அலாரம் “உடனே நிறுத்து, புகையை ஊதி பரப்பாதே” என்கிறது. யார் சொல்வதைக் கேட்பது? பேக்நெட்டில் ஒவ்வொரு கட்டளையும் ஒரு படி எண்ணோடு வரும். 1, 2 இரண்டும் உயிர்காப்புக்கு. கையால் இயக்குகிறவருக்கு 8. அட்டவணை மாதிரியானவை அதற்கும் கீழே, 16 வரை. சின்ன எண் ஜெயிக்கும். மேல் படியில் இருப்பவர் தன் கட்டளையை விலக்கிக்கொண்டால்தான் கீழ்ப்படியின் கட்டளை பலிக்கும். “டைமர் செட் பண்ணியும் ஏசி நிக்கவே மாட்டேங்குது” என்ற புகாருக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், என்றோ ஒருநாள் யாரோ 8ஆம் படியில் ‘ஓடு’ என்று போட்டுவிட்டு எடுக்க மறந்திருப்பார். கட்டடப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன சமாசாரம்.

ஐரோப்பாவில் வேறொரு கதை. அங்கே இருந்த ஈஐபி, பாட்டிபஸ், ஈஎச்எஸ் என்ற மூன்று ஸ்டாண்டர்டுகளும் ஒன்றாகச் சேர்ந்து 1999இல் கேஎன்எக்ஸ் பிறந்தது. இதில் நடுவில் மூளை என்று எதுவும் கிடையாது. ஸ்விட்சை அழுத்தினால் அது ஒரு குழு முகவரிக்குச் செய்தி போடும், அந்தக் குழுவில் சேர்க்கப்பட்ட பல்புகள் எல்லாம் எரியும். நடுப்பெட்டி ஒன்று செத்து அதனால் வீடே இருண்டுபோவது இதில் நடக்காது. வேகம் நொடிக்கு 9600 பிட்தான், வீடியோவுக்கு ஆகாது, லைட்டுக்குத் தாராளம். குறை என்ன என்றால், இதை அமைக்க இடிஎஸ் என்ற ஒரே ஒரு மென்பொருள்தான், அதையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஸ்டாண்டர்ட் பொது, சாவி மட்டும் கேஎன்எக்ஸ் சங்கத்தின் கையில். வெறும் விளக்குகளுக்கு டாலி என்று தனியாக ஒன்று உண்டு, ஒரு வயரில் 64 முகவரி வரை. மேலே ஃபால்ஸ் சீலிங் போட்ட ஆபீஸ்களில் அதைப் பார்க்கலாம்.

வீட்டுக்குள்: ஜிக்பி, த்ரெட், மேட்டர்

வீட்டுக் கருவிகளில் பாதைக்கும் மொழிக்கும் உள்ள குழப்பம் இன்னும் மோசம். ஜிக்பியும் த்ரெட்டும் வீட்டுக் கருவிகளை வயர் இல்லாமல் இணைக்கும் இரண்டு முறைகள். அவை பயன்படுத்தும் ரேடியோ ஒன்றேதான், இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் 802.15.4 என்ற பொது ஸ்டாண்டர்டில் ஓடுகின்றன. இருந்தும் ஒரு ஜிக்பி ஸ்விட்சும் ஒரு த்ரெட் பல்பும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. ஒரே காற்று, வேறு வேறு விதி. இசட்-வேவ் இன்னொரு வகை, அது அலைவரிசையையே நாட்டுக்கு நாடு மாற்றும்: இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 908. ஊருக்கு வரும்போது அங்கிருந்து மச்சான் ஆசையாக வாங்கிவந்த இசட்-வேவ் ஸ்விட்ச் இங்கே வாங்கிய ஹப்போடு, அதாவது கருவிகளை இணைக்கும் நடுப்பெட்டியோடு, சேராததற்கு இதுதான் காரணம், மச்சானைத் திட்ட வேண்டாம்.

2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள், ஜிக்பி கூட்டமைப்பு எல்லாரும் ஒரே மேசைக்கு வந்ததன் விளைவுதான் மேட்டர். முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. மேட்டர் புது ரேடியோ இல்லை. வைஃபை, ஈதர்நெட், த்ரெட் ஆகிய பாதைகளின் மேல் பேசப்படும் ஒரு பொது மொழி, அர்த்தத்தோடு. அதில் எரிவது அணைவது சம்பந்தமான கட்டளைகளுக்கு ஒரு தொகுப்பு, எண் 6. அதில் 0 என்றால் அணை, 1 என்றால் எரி, 2 என்றால் இப்போது இருப்பதற்கு நேர்மாறாக மாறு. எந்த ஊர்க் கம்பெனி செய்த மேட்டர் பல்பாக இருந்தாலும் 6, 1 என்றால் எரிந்தாக வேண்டும். இந்தத் தொகுப்புக்கு கிளஸ்டர் என்று பெயர், இந்த எண்களும் ஜிக்பியிலிருந்து வந்த சொத்துதான்.

இன்னும் இரண்டு விஷயம் மேட்டரில் முக்கியம். ஒன்று, கட்டளை வீட்டுக்குள்ளேயே போகும், கம்பெனியின் சர்வரைச் சுற்றி வர வேண்டியதில்லை. மழைநீர் கால்வாய் தோண்டும்போது பிராட்பேண்ட் கேபிளை வெட்டிவிட்டுப் போவது நம் தெருக்களில் அதிசயம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நெட் நாள்கணக்கில் வராத தெருக்களும் உண்டு. இன்வர்ட்டரில் ரூட்டர் ஓடிக்கொண்டிருந்தால் வெளி நெட் இல்லாமலே ஸ்விட்ச் வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் அது எதற்கு? இரண்டாவது, ஒரே பல்பை ஒரே நேரத்தில் குறைந்தது ஐந்து வெவ்வேறு அமைப்புகளின் கீழ் சேர்க்கலாம். அண்ணனிடம் ஆப்பிள் போன், தம்பியிடம் ஆண்ட்ராய்டு, இருவரும் ஒரே லைட்டை ஆளலாம், சண்டையில்லாமலா என்பது அவர்கள் பாடு.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. மேட்டர் அடிப்படை வேலைகளைத்தான் பொதுவாக்குகிறது. பாட்டுக்கு ஏற்ற மாதிரி கலர் மாறுவது போன்ற அலங்காரங்களுக்கு அந்தந்தக் கம்பெனி ஆப்புக்குத்தான் போக வேண்டும். த்ரெட் வகைக் கருவி என்றால் வீட்டு நெட்வொர்க்கோடு அதை இணைக்க பார்டர் ரூட்டர் என்ற கருவி ஒன்று வேண்டும், கடையில் இதை முதலில் சொல்லமாட்டார்கள்.

அதாவது, ஜிக்பி, த்ரெட், வைஃபை என்ற பெயர்களைக் கேட்டால் பாதை நினைவுக்கு வர வேண்டும். ஜிக்பி மட்டும் தனக்கென ஒரு மொழியும் வைத்திருக்கிறது. மேட்டர் மொழி மட்டும். ஒரு பெட்டியில் எழுதியிருப்பது எது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஓப்பன் சோர்ஸும் ‘சேர்ந்து ஓடும்’ என்பதும் வேறு

ஓப்பன் சோர்ஸ் என்றால் மென்பொருளின் மூல நிரல் எல்லார் கண்ணுக்கும் தெரியும், மாற்றலாம். 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் அப்படிப்பட்டது, பல கம்பெனிக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் அருமையான மென்பொருள். ஆனால் அதில் ஒரு கருவி வேலை செய்கிறது என்பதால் மட்டும் அந்தக் கருவி ஓப்பன் ஆகிவிடாது. சில நேரம் அந்தக் கம்பெனியின் சர்வர் வைத்திருக்கும் ஒரு வாசல் வழியாக ஆர்வலர்கள் உள்ளே போய் வந்துகொண்டிருப்பார்கள். ஏபிஐ என்பது அந்த வாசல். திறந்தவருக்கே மூடும் உரிமையும் உண்டு. 2023இல் கராஜ் கதவுக் கருவிகள் செய்யும் சேம்பர்லைன் தன் சேவைக்குள் வெளியார் நுழைவதை நிறுத்தியபோது ஹோம் அசிஸ்டன்ட் அந்த இணைப்பையே எடுக்க வேண்டியதாயிற்று.

அதைவிட மோசம் சர்வரே போவது. ரிவால்வ் என்ற ஹப்பைக் கூகுள் குழுமத்தின் நெஸ்ட் கம்பெனி வாங்கி, 2016 மே மாதம் சேவையை மூடியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் ஹோம் கம்பெனியின் சர்வர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் நின்றன. அங்கெல்லாம் வேண்டாம், தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு அபார்ட்மெண்டில் சம்ப்புக்கும் மேல் டேங்குக்கும் போட்ட நீர்மட்டப் பெட்டியின் கதையே அதுதான். விடியற்காலையில் தண்ணீர் வந்தால் போனுக்கு மெசேஜ் வரும், மோட்டாரும் போனிலிருந்தே. விற்ற கம்பெனி ஒருநாள் காணாமல் போனது. மாட்டிக்கொடுத்த எலக்ட்ரீஷியன் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “செக்ரட்டரி சார், பாக்ஸ் நல்லாத்தான் கீது. சர்வர்தான் இல்ல.” சென்சார் அளக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது, அளந்ததைச் சொல்லத்தான் ஆளில்லை. ஏ, பி டெர்மினல் இருந்தால் வேறு கன்ட்ரோலரில் கொடுத்திருக்கலாம், அதுவும் இல்லை. வாட்ச்மேன் இப்போது பழையபடி சம்ப் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்கிறார்.

ஓப்பன் என்றால் யாரும் கதவைத் திறக்கலாமா?

விதிகள் வெளியே தெரிவதும் உங்கள் சாவி வெளியே தெரிவதும் ஒன்றில்லை. வங்கி இணையதளங்களைக் காக்கும் குறியாக்க முறைகளும் எழுதி வெளியிடப்பட்டவைதான். மேட்டரில் ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே டிஜிட்டல் சான்றிதழ் வைக்கிறார்கள், செய்திகள் குறியாக்கம் செய்யப்பட்டுத்தான் போகும், சேர்க்கும்போது அதன் கியூஆர் அல்லது 11 இலக்கக் குறியீடு வேண்டும். அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நம் கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் ஸ்டிக்கர் நீடிக்கும் என்று நம்பாதீர்கள்.

பழைய ஸ்டாண்டர்டுகள் விஷயத்தில் பயம் நியாயமானது. மோட்பஸுக்குக் கடவுச்சொல் என்ற எண்ணமே கிடையாது, வயரைத் தொட்டவர் கட்டளை போடலாம். பேக்நெட்டும் வெகுகாலம் அப்படித்தான் ஓடியது, 2020 பதிப்பில்தான் செக்யூர் கனெக்ட் என்ற பாதுகாப்பான வழி சேர்ந்தது. இவற்றை இணையத்தில் நேரடியாகத் திறந்துவைப்பவர் தவறு செய்கிறார், அதற்கு ஸ்டாண்டர்டை ஓப்பனாக வைத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடையிலும் பில்டரிடமும் என்ன கேட்பது

ஒற்றைப் பல்பு, பிளக் என்றால் பெட்டியில் மேட்டர் முத்திரை இருக்கிறதா, த்ரெட்டா வைஃபையா என்று பாருங்கள். கடைக்காரர் டெமோ காட்டும்போது அவர் போனைக் கடை வைஃபையிலேயே விட்டுவிட்டு, ரூட்டருக்கு வரும் வெளி நெட்டையும் போனின் மொபைல் டேட்டாவையும் மட்டும் துண்டிக்கச் சொல்லி, மறுபடி லைட் போடச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் அந்தப் பல்பு வெளியே எங்கோ கேட்டுவிட்டுத்தான் எரிகிறது.

அபார்ட்மெண்ட் அசோசியேஷன் என்றால் விளம்பர வார்த்தையை விட்டுவிட்டுத் தாள்களைக் கேளுங்கள். மோட்டார், ஜெனரேட்டர், மீட்டருக்கு ரெஜிஸ்டர் மேப். பேக்நெட் என்றால் எந்த ஆப்ஜெக்ட் எது என்ற பாயிண்ட் லிஸ்ட். கேஎன்எக்ஸ் என்றால் இடிஎஸ் ப்ராஜெக்ட் ஃபைல், இது மிக முக்கியம். அது இல்லாமல் கேஎன்எக்ஸின் பச்சை கேபிள் முழுக்கச் சுவருக்குள் இருந்தும் ஒரு ஸ்விட்சை மாற்ற வரும் அடுத்த ஆள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டியிருக்கும், அதற்கு அவர் கேட்பது பழைய கம்பெனி கேட்டதைவிட அதிகமாகவும் இருக்கலாம். அப்புறம் எல்லாப் பாஸ்வேர்டும், எழுத்தில். பில்டருக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன்னால் கேட்டால் ஒரு வாரத்தில் வரும், கொடுத்த பிறகு கேட்டால் “இன்ஜினீயர் லீவுல இருக்காரு சார்” என்றுதான் வரும்.